துணிக் கஞ்சியில் பிரிந்த புரதங்கள்

ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் பல புரதங்கள் கலந்திருக்கு. மின்சாரம் செலுத்தினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து பிரியும், இதுதான் எலக்ட்ரோபோரெசிஸ். வடிதாளில் ஐந்து பட்டைதான் தெரிஞ்சது. ஈர ஸ்டார்ச் மாவில் நல்லாப் பிரிஞ்சது, ஆனா மாவைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதிக்கணும். டொரண்டோவில் இருந்த ஆலிவர் ஸ்மித்தீசுக்கு உதவிக்கு ஆள் இல்லை. சிறுவயதில் அம்மா துணிக்குப் போட்ட கஞ்சி ஆறி இறுகியது ஞாபகம் வந்ததாம்! உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் காய்ச்சி ஜெல்லாக்கினார். அதன் நுண்துளைகள் சல்லடை மாதிரி பெரிய புரதங்களைத் தடுத்தன. சாயமிட்டதும் பத்துக்கும் மேல் பட்டைகள்! 1955-ல் வெளியிட்டார்.

இன்று ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. நம்ம பள்ளிக்கு ஆகாது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளத்திலும் ஸ்டார்ச்தானே இருக்கு? அதில் ஜெல் சரியா வருமான்னு ஆசிரியர் துணையோடு பார்க்க எனக்கு ஆசை.