ஜெயித்த மேட்சை மறுபடி ஆடிய டீம்!

ஒரு டீம் ஜெயிச்சு, வீட்டுக்கும் போயாச்சு. சில நாள் கழித்து, "அந்த வெற்றி செல்லாது, திரும்ப ஆடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு இது நிஜமாகவே நடந்தது.

1999 டிசம்பர். லீக் கப் கால் இறுதியில் ஆஸ்டன் வில்லாவோடு மோதல். ஆட்டம் 2-2 சமம். பெனால்டியில் வெஸ்ட் ஹாம் வென்றது. ஒரே கொண்டாட்டம்! அந்த மேட்சின் கூடுதல் நேரத்தில், கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர் இமானுவேல் ஓமோயின்மி. அவர் கோல்கூடப் போடவில்லை. ஆனால் அதே சீசனில் ஜில்லிங்ஹாம் கிளப்புக்குக் கடனாகப் போயிருந்தபோது, இதே லீக் கப்பில் அவர்களுக்காக ஆடியிருந்தார்! அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

அன்றைய விதிப்படி ஒரு சீசனில், ஒரு கோப்பையில், ஒருவர் ஒரு கிளப்புக்குத்தான் ஆடலாம். இப்படி மாட்டிக்கொண்டவரை 'கப் டைட்' என்பார்கள். அந்தக் கோப்பையோடு கட்டிப்போட்ட மாதிரி! கிளப் மாறலாம், புது கிளப்புக்கு லீக் மேட்ச் ஆடலாம், அந்தக் கோப்பையில் மட்டும் இறங்க முடியாது. சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கணக்கில்லை.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? கோப்பைப் போட்டியில் தோற்றால் வெளியேதான். விதி இல்லாவிட்டால் பணக்கார கிளப், தோற்றுப்போன டீம்களின் நல்ல ஆட்டக்காரர்களைப் பாதியில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடும். நம்ம ஹவுஸ் மேட்ச்ல, ரெட் ஹவுஸ் தோத்ததும் அவங்க கோல்கீப்பர் ப்ளூ ஹவுஸ்ல வந்து நின்னா சும்மா விடுவோமா?

2000 ஜனவரியில் மறு ஆட்டம் நடந்தது. வில்லா 3-1 என்று ஜெயித்தது. வெஸ்ட் ஹாம் அலுவலகத்தில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். ஓமோயின்மி அதே வருடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் போய்விட்டார். அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்தான். ஆனால் யார் எங்கே ஆடினார் என்று பார்ப்பது ஆபீஸ் வேலை இல்லையா? எனக்கென்னவோ அவர் பாவம் என்றுதான் படுகிறது.

சாம்பியன்ஸ் லீக்கிலும் இந்த விதி இருந்தது. 2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து பார்சிலோனா போன கூட்டினோ, க்ரூப் ஆட்டங்களில் லிவர்பூலுக்கு ஆடிவிட்டதால் மாட்டிக்கொண்டார். கால் இறுதியில் ரோமாவிடம் பார்சிலோனா வெளியேறியதை வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அவர் விட்டுவந்த லிவர்பூலோ ஃபைனலுக்கே போனது!

அடுத்த சீசனிலேயே, அதாவது 2018-19-இல், அங்கே விதியைத் தளர்த்தினார்கள். க்ரூப் ஆட்டங்கள் முடிந்ததும் புதிதாக 3 பேரைச் சேர்க்கலாம், அவர்கள் வேறு கிளப்புக்கு ஆடியிருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். இதனால் உடனே லாபம் அடைந்தவர்களில் ஒருவர் நமக்கெல்லாம் தெரிந்த ஹாலண்ட். 2019-20 சீசனில் சால்ஸ்பர்க் கிளப்புக்கு க்ரூப் ஆட்டங்களில் 8 கோல் போட்டார். ஜனவரியில் டார்ட்மண்ட் வந்தார். பிப்ரவரியில் அதே சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் டீமுக்கு எதிராக 2 கோல்! டார்ட்மண்ட் அன்று 2-1 என்று ஜெயித்தது. பழைய விதி இருந்திருந்தால் அந்த இரண்டையும் அவர் போட்டிருக்கவே முடியாது.