டிரைவரின் லைசென்ஸ் முடங்கினால் பாலிசி கை கொடுக்குமா?

நெய்வேலி நகரியத்து மெயின் பஜாரானாலும், மந்தாரக்குப்பம், இந்திரா நகர் கடைவீதிகளானாலும், சரக்கு வண்டி இல்லாமல் இன்று வியாபாரம் இல்லை. பண்ருட்டியிலிருந்து காய்கறி, கடலூரிலிருந்து மளிகை, குடியிருப்பு வட்டங்களுக்கு அரிசி மூட்டை என்று நம் 'குட்டி யானை' நாள் முழுவதும் ஓடுகிறது. ஆண்டு தவறாமல் இன்சூரன்ஸ் கட்டி, பாலிசியை வண்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் ஓட்டுகிறவரின் லைசென்ஸ் தற்காலிகமாக முடக்கப்பட்டிருந்தால், அந்தப் பாலிசி நம்மைக் காப்பாற்றுமா? வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வணிகரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எதற்கெல்லாம் முடக்கம்?

உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, சில குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்சை முடக்க வேண்டும் என்று 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன் பேசியபடி ஓட்டுதல் ஆகியவற்றோடு, சரக்கு வண்டியில் அதிகப் பாரம் ஏற்றுவதும், ஆட்களை ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

கடைசி இரண்டும் நம் தொழிலோடு ஒட்டியவை. "இன்னும் நாலு மூட்டை போடு" என்று சொல்வது நாம். லைசென்சை இழப்பது டிரைவர். இதை நாம் மறக்கலாகாது.

பாலிசியில் உள்ள ஒரு வரி

மோட்டார் பாலிசியில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்றொரு பகுதி உண்டு. விபத்து நேரத்தில் ஓட்டுபவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். முடக்கக் காலத்தில் ஓட்டினால் இந்த நிபந்தனை முறிகிறது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்டால், கம்பெனி மறுத்துவிடலாம்.

எதிரே வந்தவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் நிலைமை இன்னும் கடுமை. 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. டிரைவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் போதாது. உரிமையாளரும் உரிய கவனம் காட்டத் தவறினார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். இழப்பீடு லட்சக்கணக்கில் போனால், ஒரு சிறு கடையின் முதலே கரைந்துவிடும்.

போதாக்குறைக்குச் சட்டத்தின் தண்டனையும் உண்டு. 2019 திருத்தத்திற்குப் பின், முடக்கக் காலத்தில் ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் அபராதம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாய். இரண்டிலும் 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

திரும்பப் பெறும் வழி

முடக்க உத்தரவு தவறு என்று கருதினால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இல்லையேல் காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். புத்தாக்கப் பயிற்சியை முடித்த பிறகே லைசென்ஸ் திருப்பித் தரப்படும் என்பது இப்போதைய சட்டம்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில், முடங்கிய லைசென்சை மீட்க 'எஸ்.ஆர். 22' என்ற சான்றை இன்சூரன்ஸ் கம்பெனியே அரசுக்கு அனுப்ப வேண்டும். அத்தகைய டிரைவருக்குப் பிரீமியமும் கூடும். நம் நாட்டில் இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். அப்படியொரு சான்று இங்கே இல்லை. டிரைவரின் லைசென்ஸ் முடங்கிய செய்தி பாலிசி வழியாக நமக்குத் தெரிய வராது. நாமேதான் கேட்டு அறிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

வேலைக்குச் சேர்க்கும்போது ஜெராக்சோடு நின்றுவிடாமல் அசல் லைசென்சைப் பாருங்கள். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால், அதன் நிலையைப் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்து, கடைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். நாளை தீர்ப்பாயத்தில் நாம் கவனம் காட்டினோம் என்பதற்கு அது துணை நிற்கும்.

லைசென்ஸ் முடங்கினால், மாற்று ஆள் தேடுவது முன்போல் சிரமமில்லை. சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் டிரைவர் முடக்கத்தை மறைக்கிறார். "சொன்னால் வேலை போகாது, 3 மாதம் கடையில் பொட்டலம் கட்டு, கணக்குப் பார்" என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவர் மறைக்க வேண்டிய தேவையே இராது. மூன்று மாதச் சம்பளம் பெரிதா, மூன்று தலைமுறை சேர்த்த முதல் பெரிதா? வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.