பல தாய்வீட்டு வண்டி

ட்ரைடன் என்கிற மோட்டார் சைக்கிளைப் பெரிய கம்பெனி எதுவும் தயாரித்ததில்லை. பெரிய கம்பெனிகளின் ஷோரூமில் அது நின்றதில்லை. ஆனாலும் 1960களில் லண்டனின் வடக்கு வட்டச்சாலையில் இருந்த ஏஸ் கஃபேக்கு இரவில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த வேகப் பித்தர்கள் பலருக்கு அதுதான் கனவு. ட்ரையம்ப் கம்பெனியின் எஞ்சினை எடுத்து, அதன் போட்டியாளரான நார்ட்டனின் ஃபிரேமில் பொருத்தினால் ட்ரைடன். பெயரும் வண்டியைப் போலவே இரண்டு பாதிகளை ஒட்டவைத்ததுதான்.

இந்தக் கலப்புக்கு நியாயமான காரணம் இருந்தது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின்னிலிருந்து வளர்ந்தவை ட்ரையம்ப்பின் இரட்டை சிலிண்டர் எஞ்சின்கள். சின்ன உடம்பு, நல்ல சக்தி. எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். அந்த வரிசையில் 1959இல் வந்த 649 சிசி பான்வில்லுக்கு மவுசு ஏராளம். ஆனால் ட்ரையம்ப் ஃபிரேம், வேகமாக வளைவில் சாய்த்தால் ஆட்டம் காட்டும் என்று பெயர் வாங்கியிருந்தது.

நார்ட்டனிடம் இருந்தது இதற்கு நேர்மாறான சொத்து. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் ஃபிரேம் 1950இல் பந்தயத்துக்கு வந்தது. அதே வருடம் ஜெஃப் டியூக் அதில் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். இரண்டு குழாய் வளையங்கள் இணையாக ஓடி, ஹேண்டில்பார் கழுத்தருகே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம். அந்தப் பிணைப்பினால் கழுத்தும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் முறுக்கேறாமல் நிற்கும்.

நார்ட்டன் ஃபிரேம்கள் எஞ்சின் இல்லாமல் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1950களில் 500 சிசி ஃபார்முலா 3 கார் பந்தயக்காரர்களுக்கு நார்ட்டன் மேங்ஸ் எஞ்சின் வேண்டும். கம்பெனியோ எஞ்சினைத் தனியாக விற்காது. பந்தயக்காரர்கள் முழு மோட்டார் சைக்கிளையும் வாங்கி, எஞ்சினை மட்டும் உருவிக்கொண்டார்கள். மிஞ்சிய ஃபிரேம்கள் ஆள் தேடின. லண்டனின் டேவ் டெகன்ஸ், தன் ட்ரெஸ்டா பட்டறையில் கட்டிய ட்ரைடனில் 1965இல் ரெக்ஸ் புச்சருடன் சேர்ந்து பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றார். பட்டறை வண்டிதானே என்று சிரித்தவர்கள் அதன்பின் கொஞ்சம் அடங்கியிருப்பார்கள்.

இன்று ஒருவர் ட்ரைடன் கட்ட உட்கார்ந்தால், இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதல் நடக்கும் பழைய பாகச் சந்தை போன்ற இடங்களில் பொறுக்கிய குவியலோடுதான் தொடங்குவார். பாகம் கிடைப்பது பணமும் பொறுமையும் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடத்தில்தான் அறிவியல் ஆரம்பிக்கிறது.

முதல் சண்டை போல்ட்டோடு. கால் அங்குல போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 6.35 மில்லிமீட்டர், இதில் குழப்பமில்லை. ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியில் கால் அங்குல மரை பல சாதியில் வரும். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 20 சுற்று, மரையின் கோணம் 55 டிகிரி. அலுமினிய வார்ப்புக்கு இந்தப் பருமரைதான் சரி. மெல்லிய மரையை மென்மையான உலோகத்தில் போட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். பிஎஸ்எஃப் என்ற நுண்மரையில் 26 சுற்று, கோணம் அதே 55. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த சைக்கிள் மரையிலும் 26 சுற்று. ஆனால் கோணம் 60. போருக்குப் பிறகு வந்த யூனிஃபைடு நுண்மரையில் 28 சுற்று, கோணம் 60. மின்சாமான்களில் வரும் பிஏ மரை தனி ரகம். அங்குலத்தைக் கட்டிக்கொண்டு அழுத பிரிட்டன், 1884இலேயே அதற்கு மில்லிமீட்டரில் அளவு வைத்திருந்தது, கோணம் 47.5 டிகிரி!

இவற்றில் ஆபத்தானது கொஞ்சமும் பொருந்தாத ஜோடி அல்ல, ஏறக்குறையப் பொருந்தும் ஜோடி. 26 சுற்று போல்ட்டில் 28 சுற்று நட்டைப் போட்டால், மரைக்கு மரை 0.07 மில்லிமீட்டர் விலகி, இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். தப்பு என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் பிஎஸ்எஃப் போல்ட்டில் சைக்கிள் நட்டைப் போட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் 26 சுற்றுதான், சுகமாக ஏறும், இறுகியது போலவும் இருக்கும். கோணத்தில் 5 டிகிரி வித்தியாசம் என்பதால் மரையின் சரிவுகள் முழுதாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பாரம் முழுவதும் அந்தக் கோட்டில் இறங்கும். வண்டி ஓடி நடுங்கத் தொடங்கியதும் அந்த ஓரம் நசுங்கி, இறுக்கம் போய், நட் எங்கோ சாலையில் விழுந்துவிடும். பட்டறையில் மரை அளக்கும் கேஜ் தகடுகளைப் போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது இதனால்தான். இடுக்கில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்த நட் வேறு டப்பாவுக்குப் போகும்.

ஸ்பேனரும் கைகொடுக்காது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டம், தலையின் அகலம் அல்ல. கால் அங்குல விட்வொர்த் தலையின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். நம்மூர் 13 ஸ்பேனர் நுழையாது. 14 நுழைந்து, அறுகோணத் தலையை வட்டமாக்கிவிட்டு வெளியே வரும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்க எந்திரங்களை ஒரே பட்டறையில் பழுதுபார்க்க முடியாமல் பட்ட பாடுதான், 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொது மரைக்கு ஒப்புக்கொள்ளக் காரணமாயிற்று. மோட்டார் சைக்கிள் கம்பெனிகளோ 1960களின் கடைசி வரை இழுத்தடித்தன. எனவே குவியலில் கிடைக்கும் போல்ட் எந்த வருடத்து வண்டியிலிருந்து வந்தது என்பது ஒருவகையில் அதன் மரையிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது எஞ்சினின் கீழ்ப்பாதி. ட்ரையம்ப்பின் கிராங்க்கேஸ் செங்குத்தாக இடது, வலது என்று இரண்டு பாதி. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிய பிறகே பேரிங் உட்காரும் துளைகளைக் கடைவார்கள்; அடியில் இரண்டு பாதியிலும் ஒரே எண்ணைக் குத்திவைப்பார்கள். அப்படிப் பிறந்த ஜோடி பிரிந்து, இடது பாதி ஒரு வண்டியிலிருந்தும் வலது பாதி இன்னொன்றிலிருந்தும் கிடைத்தால், துளைகளின் மையம் நேர்கோட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பூட்டிப் பார்த்து, சிலிண்டர் உட்காரும் மேல்முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்தால் படி தெரியும். நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் படி இருந்தாலே ஆயில் கசியும். பழைய பிரிட்டிஷ் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும் என்ற கேலிக்கு இந்தச் செங்குத்துப் பிளவு பெரிய காரணம்: எண்ணெய் தேங்கும் இடத்திலேயே இணைப்பும் இருக்கிறது. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 கிராங்க்கேஸை மேல் கீழாகப் பிளந்து இந்த வம்பிலிருந்து தப்பித்தது.

பேரிங்கை உள்ளே இறக்க யாரும் சுத்தியலைத் தொடுவதில்லை. ஒரு டிகிரி வெப்பத்துக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், எஃகு 12தான். 70 மில்லிமீட்டர் துளையுள்ள கேஸை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.16 மில்லிமீட்டர் அகன்றுவிடும். குளிர்ந்த பேரிங்கை மேலே பிடித்துக் கையை எடுத்தால் டொக்கென்று தானே விழும். சமையலறை அடுப்பில் கிராங்க்கேஸ் வேகும் நாளில் வீட்டில் என்ன சமையல் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

கிராங்க் என்னும் சுழல்தண்டைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறார்கள். இந்த எஞ்சின்களில் இன்றுள்ளது போல மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டர் கிடையாது. கம்பி வலைகள் மட்டும் உண்டு. பதிலுக்கு கிராங்கின் உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. எண்ணெய் அதன் வழியாகத்தான் கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்குப் போகும். கிராங்க் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது அச்சிலிருந்து 41 மில்லிமீட்டர் தூரத்தில் புவியீர்ப்பைப் போல 1600 மடங்குக்கும் மேலான மையவிலக்கு விசை. எண்ணெயிலுள்ள உலோகத் தூளும் கரியும் குழாயின் வெளிச்சுவரில் வீசப்பட்டுப் படிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், குழாய் நிறையும் வரை. ஐம்பது, அறுபது வருடக் கசடு தார் போல இறுகி வழியை அடைத்தால் பேரிங் எண்ணெயில்லாமல் எரியும். அதன் மூடித் திருகு, கழன்றுவிடாதபடி ஆணியால் குத்தி இறுக்கப்பட்டிருக்கும். அந்தக் குத்துக்குறியை ட்ரில்லால் எடுத்த பிறகே அசையும். அப்புறமும் குழாய் வராது. ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று அதற்குள் நுழைந்து நிற்கிறது. அதைக் கழற்றத் தெரியாமல் இழுத்துக் குழாயைக் கிழித்தவர்கள் உண்டு.

இனி வருவதுதான் ட்ரைடனின் உயிர்ப் பிரச்சினை: நடுக்கம். டர்னரின் எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். தீப்பொறி மட்டும் மாறி மாறி விழும். பிஸ்டன்கள், பின்கள், வளையங்கள், கனெக்டிங் ராடுகளின் மேல்முனை எல்லாம் சேர்த்து 800 கிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஓட்டம் 82 மில்லிமீட்டர். 6000 சுற்றில் இந்த எடையை மேலே நிறுத்திக் கீழே திருப்பத் தேவைப்படும் விசை சுமார் 13,000 நியூட்டன், 1.3 டன் பாரத்துக்குச் சமம். வினாடிக்கு 100 தடவை அது மேலும் கீழும் உதைக்கிறது.

எதிர்ப்பக்கம் எடை வைத்துச் சமன்செய்யலாமே? வைக்கிறார்கள். ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் போகிறது, எதிர் எடையோ வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டன் எடை முழுவதற்கும் ஈடாக எதிர் எடை வைத்தால் மேல்கீழ் உதை தீர்ந்துவிடும். ஆனால் எதிர் எடை கிடைமட்டத்துக்கு வரும்போது அதைச் சமன்செய்ய எதிரே ஒன்றும் இல்லாததால், அதே அளவு உதை முன்னும் பின்னுமாகக் கிளம்பும். பாதி எடை வைத்தால், பாதி உதை எல்லாத் திசையிலும் சுழன்று வரும். இந்த அமைப்பில் நடுக்கத்தை ஒழிக்க வழியில்லை. எந்தத் திசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம், அவ்வளவே. அந்தச் சதவீதத்துக்கு பேலன்ஸ் ஃபேக்டர் என்று பெயர். ட்ரையம்ப்பே தன் 650 எஞ்சின்களில் 50 சதவீதத்திலிருந்து பிற்பாடு 85 வரை போனது.

எந்தத் திசை நல்லது என்பதை எஞ்சின் சொல்லாது, ஃபிரேம்தான் சொல்லும். குழாய்களின் நீளம், பிடிமானங்கள் இருக்கும் இடம், எந்தப் பக்கம் விறைப்பு, எந்தப் பக்கம் இளக்கம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஃபிரேமும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கு அதிரும். ட்ரையம்ப் ஃபிரேமில் தாங்கக்கூடியதாக இருந்த அதே எஞ்சின், நார்ட்டன் ஃபிரேமில் ஓட்டுபவரின் விரல்களை மரத்துப்போகச் செய்யலாம். விஷயம் தெரிந்தவர்கள் கிராங்கை மறுபடி பேலன்ஸ் செய்கிறார்கள். கணக்கிட்ட எடைகளைக் கிராங்கின் கழுத்துகளில் தொங்கவிட்டு, மட்டம் பார்த்த இரண்டு கத்திமுனைத் தண்டவாளங்கள் மேல் அதை உருட்டுவார்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். ஃபிளைவீலில் அந்த இடத்தில் துளை போடுவார்கள், மறுபடி உருட்டுவார்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதுவே வேலை. கம்ப்யூட்டர் பேலன்ஸிங் வந்த பிறகும் இந்தப் பழைய முறை செத்துவிடவில்லை. நார்ட்டன் 1967இல் கமாண்டோ மாடலில் எஞ்சினையே ரப்பர் பிடிமானங்களில் உட்காரவைத்து, நடுக்கம் ஓட்டுபவரிடம் வராமல் பார்த்துக்கொண்டது.

எஞ்சினை ஃபிரேமில் உட்காரவைக்கும் அலுமினியத் தகடுகளை அறுத்துச் செய்துகொள்ளலாம், வாங்கவும் செய்யலாம். கவனிக்க வேண்டியது செயின் கோடு: எஞ்சின், கிளட்ச் பற்சக்கரங்கள் ஒரு நேர்கோட்டிலும், கியர்பாக்ஸ், பின்சக்கரப் பற்சக்கரங்கள் இன்னொரு நேர்கோட்டிலும் வரிசைப்பட வேண்டும். இல்லையென்றால் செயினின் பக்கத் தகடுகள் பற்களைத் தின்றுவிடும்.

தீப்பொறிக்கு அதைவிட நுணுக்கம் வேண்டும். பெட்ரோல் ஆவி வெடிப்பதில்லை, எரிகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் சுமார் 38 டிகிரி சுழல வேண்டியிருக்கும்போதே 650 எஞ்சினில் பொறி விழுகிறது. 6000 சுற்றில் அது ஒரு மில்லிவினாடியைச் சற்றே தாண்டும். பொறியைத் தரும் மேக்னெட்டோ எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே ஒரு டிகிரி பிசகினால் இங்கே இரண்டு. லூகாஸ் மேக்னெட்டோவின் பாயின்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க, நடுவே சிகரெட் சுற்றும் தாளை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே கிராங்கைத் திருப்புவார்கள். தாள் நழுவும் இடமே பொறி விழும் இடம். குவியலில் கிடைக்கும் மேக்னெட்டோவை இதற்கு முன்பே ஒருமுறை கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வலச்சுற்று, இடச்சுற்று இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ட்ரைடன் கட்டுபவர்களைவிட ராயல் என்ஃபீல்டு புல்லட் கட்டுபவர்களுக்குப் பாகம் தேடும் பாடு குறைவு. அதற்குக் காரணம் நம் சென்னை. ரெட்டிச்சில் பிறந்த புல்லட் 1955 முதல் மெட்ராஸிலும் உருவானது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிய பிறகும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977 முதல் இங்கிருந்து அங்கே ஏற்றுமதியும் நடந்தது. இங்கிலாந்துக்காரர் தன் ஊர் வண்டிக்கு நம் ஊர் பிஸ்டன் வாங்கிப் போட முடிகிறது.

எல்லாம் முடிந்து வண்டி கிளம்பினாலும் பதிவு அலுவலகத்தில் ஒரு கேள்வி காத்திருக்கும்: இது எந்த வருடத்து வண்டி? ஃபிரேம் ஒரு வருடம், எஞ்சின் வேறொரு வருடம், சக்கரங்களுக்குச் சரித்திரமே இல்லை. வயதையோ அடையாளத்தையோ நிறுவ முடியாத வண்டிக்கு பிரிட்டனில் க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் எண் தருகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துப் பேசுவார். அதனால் விவரமானவர்கள் முதல் பாகம் வாங்கிய நாளிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்துவைக்கிறார்கள். ஃபிரேமை பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன், எண் குத்தியிருக்கும் இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதன் மேல் டேப் ஒட்டச் சொல்கிறார்கள். பூச்சு கனமாக விழுந்தால் எண் மூழ்கிவிடும்.