கலிங்கப் போரும் அசோகரின் தம்மமும்

மௌரியப் பேரரசர் அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில், முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்த பின் கலிங்க நாட்டைப் போரிட்டு வென்றார். இன்றைய ஒடிசாவும் அதை ஒட்டிய கடற்கரைப் பகுதியும் சேர்ந்ததே அக்கலிங்கம். வென்ற அரசன் ஒருவன் தன் வெற்றிக்காக வருந்துவதாகக் கல்லில் பொறித்து வைத்த மிகப் பழைய சான்றுகளுள் அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு முதன்மையானது.

அக்கல்வெட்டு 1,50,000 பேர் நாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டதாகவும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதாகவும், அதைப் போலப் பல மடங்கினர் மாண்டதாகவும் கூறுகிறது. இவை முழு எண்களாக இருப்பதால் துல்லியமான கணக்காகக் கொள்ள முடியாது. ஆனால் தோற்றவர் பட்ட துன்பத்தை வென்றவரே எண்ணிக் காட்டுகிறார் என்பது கவனத்துக்குரியது. பிராமணர், சிரமணர், பெற்றோரையும் ஆசிரியரையும் பேணி வாழ்ந்த இல்லறத்தார் ஆகியோரும் போரில் சிக்கினர் என்றும், தமக்கு ஒரு தீங்கும் நேராதவர்கள்கூட உறவினரும் நண்பரும் அழிந்ததால் துயருற்றனர் என்றும் அது விவரிக்கிறது.

இதன் பின் படையால் பெறும் வெற்றியைவிடத் தம்மத்தால் பெறும் வெற்றியே சிறந்தது என அசோகர் அறிவித்தார். அவ்வெற்றி எட்டிய நாடுகளாகக் கிரேக்க அரசர் ஐவரின் நாடுகளும், தெற்கே சோழர், பாண்டியர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகியனவும் குறிக்கப்படுகின்றன. பௌத்தராக இருந்தும் அவர் ஒரு சமயத்தை மட்டும் உயர்த்தவில்லை. தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது 12ஆம் கல்வெட்டின் கருத்து.

போரின் அதிர்ச்சியால் அவர் பௌத்தரானார் என்று பாடநூல்கள் எளிமையாகச் சொல்வதுண்டு. ஆனால் மகாவம்சமும் அசோகாவதானமும் அவரது மதமாற்றத்துக்கு வேறு கதைகளைக் கூறுகின்றன. கலிங்கப் போரை அவை பேசுவதே இல்லை.

அவரது வருத்தத்துக்கு எல்லையும் இருந்தது. கலிங்கத்துக்கு விடுதலை அளித்ததாகவோ, பெயர்க்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியதாகவோ எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மன்னிக்கத்தக்கதை மன்னிப்பேன் என்று கூறும் அதே 13ஆம் கல்வெட்டு, காட்டுவாசிகளை நோக்கி, வருந்தும் நிலையிலும் தன்னிடம் வலிமை உண்டு என எச்சரிக்கிறது. மரண தண்டனையும் நீக்கப்படவில்லை. தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் தவணை மட்டுமே தரப்பட்டது.

இவற்றையெல்லாம்விட வியப்பானது ஒன்று உண்டு. புகழ்பெற்ற அந்த 13ஆம் கல்வெட்டு கிர்நார், கால்சி, ஷாபாஸ்கர்ஹி போன்ற தொலைவிடங்களில் பொறிக்கப்பட்டது. கலிங்கத்துக்குள் அமைந்த தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அங்கு 11, 12, 13ஆம் கல்வெட்டுகளுக்கு மாற்றாக அதிகாரிகளுக்கான இரண்டு தனிக் கட்டளைகள் உள்ளன. மக்கள் அனைவரும் தன் பிள்ளைகளைப் போன்றவர்கள். காரணமின்றி யாரையும் சிறைவைக்கவோ வதைக்கவோ கூடாது. எல்லைப்புற மக்கள் தன்னைக் கண்டு அஞ்ச வேண்டாம் என அவை கூறுகின்றன. அக்கட்டளைகளைக் குறித்த நாட்களில் மக்கள் கேட்கப் படித்துக் காட்டவும் ஆணையிடப்பட்டது. போரில் உறவினரை இழந்தவர்களிடம் பலி எண்ணிக்கையைச் சொல்வது பழைய புண்ணைக் கிளறும் என்று அரசர் கருதியிருக்கலாம். கிளர்ச்சிக்கு அஞ்சியும் இருக்கலாம். எவ்வாறாயினும், தோற்றவர்களிடம் அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நல்லாட்சி தருவதாக வாக்களித்தார்.

பின்னாளில் கலிங்கம் மீண்டும் தனி அரசானது. அதன் புகழ்மிக்க மன்னன் காரவேலன், கொல்லாமையை உயிராகக் கொண்ட சமண சமயத்தவன். தௌலிக்கு அருகே, உதயகிரியில் உள்ள அவனது ஹாதிகும்பா கல்வெட்டு அவனை எல்லாச் சமயங்களையும் போற்றுபவன் என்கிறது. அதே கல்வெட்டு அவனுடைய படையெடுப்புகளை ஆண்டுவாரியாகப் பெருமையுடன் பட்டியலிடுகிறது. அதில் வருத்தம் ஓரிடத்திலும் இல்லை.