குன்றும் கிணறும்: ஹௌசா மக்கள் வரலாறு

சிங்கப்பூரில் புக்கிட் மேரா வட்டாரத்தில் வாழ்வோர் அவ்வூர்ப் பெயரின் கதையைக் கேட்டிருப்பர். செங்குன்றம் என்பது அப்பெயரின் பொருள். முன்னொரு காலத்தில் வாள்மீன்கள் கூட்டங் கூட்டமாகக் கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றன. வாழை மரங்களை வெட்டிக் கரையெங்கும் அரணாக நிறுத்துமாறு ஒரு சிறுவன் கூறினான். மீன்களின் மூக்குகள் வாழையிற் செருகிக்கொண்டன, ஊர் பிழைத்தது. ஆயினும், இத்துணை அறிவுடைய பிள்ளை வளர்ந்தால் தன் அரியணைக்குத் தீங்கு நேருமென அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவனது குருதி பாய்ந்தே குன்று சிவந்தது என்பர்.

இதனோடு ஒப்பிடத்தக்க கதையொன்று ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலும் வழங்குகின்றது. அதன் முடிவோ இதற்கு நேர்மாறானது. நைஜீரியாவின் வடபகுதியிலும் நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் பெருந்தொகையினராய் வாழும் ஹௌசா மக்களின் தோற்றக் கதை அது. தௌரா என்னும் ஊரின் கிணற்றில் ஒரு பாம்பு இருந்தது. வெள்ளிக்கிழமையன்றி வேறு நாளில் நீரெடுக்க அது எவரையும் விடவில்லை. பாக்தாதிலிருந்து வந்த பயாஜித்தா என்னும் வழிப்போக்கன், இரவில் நீர் வேட்கையோடு அக்கிணற்றை அடைந்து, பாம்பைக் கொன்றான். அவ்வூர் அரசி தௌராமா அவனைத் தேடிக் கண்டு மணந்துகொண்டாள். அவன் வழிவந்தோரே தௌரா, கானோ, காட்சினா, ஸாரியா, கோபிர், ரானோ, பிராம் என்னும் ஏழு அரசுகளை ஆண்டனர் என்பது மரபு.

வரலாற்றறிஞர் இதனை அப்படியே நிகழ்ந்த செய்தியாகக் கொள்வதில்லை. எனினும், ஓர் இனம் தன்னைப் பற்றி என்ன நினைக்கின்றது என்பதை அதன் கதைகள் காட்டும். வந்தவனை வரவேற்று உறவாக்கிக்கொண்டதே தங்கள் தொடக்கம் என்று ஹௌசா மக்கள் கூறுகின்றனர். அவர்தம் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே சென்றிருக்கின்றது.

கானோ நகரின் பெருமை அதன் சந்தையால் விளைந்தது. 1463 முதல் 1499 வரை ஆண்ட முகம்மது ரும்பா என்னும் மன்னர் அங்குக் குர்மி என்னும் பெருஞ்சந்தையை ஏற்படுத்தினார். நகரின் அவுரிச் சாயக் குழிகளும் அந்நூற்றாண்டின் இறுதியில் தோன்றியவை என்பர். 1851இல் அங்குச் சென்ற செர்மானிய அறிஞர் ஹைன்ரிக் பார்த், கானோவில் நெய்து நீலம் தோய்த்த துணி சகாராப் பாலையைக் கடந்து திரிப்போலி வரையிலும் செல்வதை எழுதிவைத்தார். தெற்கேயுள்ள காடுகளிலிருந்து கோலாக்கொட்டை வந்தது. நம்மவர் விருந்தினர்க்குத் தாம்பூலம் நீட்டுவது போல, அங்கே கோலாக்கொட்டை கொடுத்து உபசரிப்பர்.

வணிகத்தின்பொருட்டு அயலூர் சென்ற ஹௌசா மக்கள் தங்கிய பகுதி 'சோங்கோ' எனப்பட்டது. இன்றும் கானா நாட்டின் நகரங்கள் பலவற்றில் சோங்கோக்கள் உள்ளன. சிங்கப்பூருக்காக 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்க்கெனச் சூலியா கம்பம் குறிக்கப்பட்டதை இதனோடு ஒப்பிடலாம். ஒற்றுமை இதனோடு நிற்கவில்லை. சூலியா வணிகரின் முன்னோர் அரபு எழுத்துகளுடன் சில புதிய குறிகளைச் சேர்த்துத் தமிழை எழுதினர். அதுவே அரபுத் தமிழ். ஹௌசா மக்களும் அரபு எழுத்தைத் தம் மொழிக்கு ஏற்பத் திருத்தி எழுதினர். அது அஜமி எனப்படும்.

1804இல் புலானி இனத்து அறிஞர் உஸ்மான் தன் போதியோ ஹௌசா அரசர்களை எதிர்த்துப் போர் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவ்வரசுகள் வீழ்ந்து, சொக்கோட்டோப் பேரரசு எழுந்தது. வென்றவர் மொழி தோற்றவர்மேல் ஏறுவதே உலகியற்கை. இங்கோ வென்ற புலானியர் பலர் நாளடைவில் ஹௌசா பேசுவோராயினர்! சந்தையின் மொழி அதுவே. பொதுமக்களை அடையும் வழியும் அதுவே. தன் போதியோவின் மகளார் நானா அஸ்மாவு (1793-1864) அரபு, புலானி மொழிகளோடு ஹௌசாவிலும் பாடல் இயற்றினார். சிற்றூர்ப் பெண்கள் தலைவியரோடு கூட்டமாக வந்து அப்பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு, தத்தம் ஊர் திரும்பிப் பிறர்க்குக் கற்பித்தனர். பள்ளிக் கட்டடம் இன்றியே அக்கல்வி பரவிற்று.

1903இல் கானோவும் சொக்கோட்டோவும் ஆங்கிலேயர் வசமாயின. ஹௌசா நாட்டினூடே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எல்லைக் கோடு கிழித்தனர். உரோம எழுத்தும் புகுந்தது. மொழி தளரவில்லை. 1939இல் 'கஸ்கியா தா பி க்வாபோ' என்னும் செய்தித்தாள் தோன்றியது. காசினும் உண்மை பெரிது என்பது அப்பெயரின் பொருள். இன்று ஹௌசாவைத் தாய்மொழியாகக் கொண்டோரேயன்றி, பிற இனத்தாரும் பெருந்தொகையினராக அதனைப் பேசுகின்றனர்.

பயாஜித்தா என்னும் பெயருக்கு மக்கள் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. 'முன்பு மொழி அறியாதவன்' என்பதே அது. ஓர் இனம் தன் முன்னோனுக்குத் தன் மொழி தெரியாது என்று ஒளியாமற் கூறுவது வியப்பன்றோ! வந்த அன்று அவனுக்கு மொழி தெரியவில்லை. அவன் பிள்ளைகளோ அம்மொழிக்கே உரியவராயினர்.

தமிழ், சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியிலும் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகி, அரைகுறைத் தமிழோடு வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் பலர். அத்தகைய பிள்ளை தட்டுத் தடுமாறிச் சொல்லும் முதல் வாக்கியத்தைக் கேட்டு வகுப்பு நகைக்குமாயின், அது மறுமுறை வாய் திறவாது. அக்குழந்தை நீர் வேட்கையோடு கிணற்றங்கரைக்கு வந்த வழிப்போக்கன் போன்றது. பிழையைப் பிறகு திருத்தலாம். முதலில் நீர் வார்த்தல் வேண்டும்.