அந்தக் கைகள் யாருக்கு இடைஞ்சல்?

செவ்வாய்க்கிழமைகளில் பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வகுப்புகள். காலையில் செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு. சுருக்கமாக ஏபிஏ என்பார்கள். பிற்பகலில் மாற்றுத்திறன் ஆய்வியல். அதே அறை, பெரும்பாலும் அதே மாணவர்கள். ஒரு பிள்ளையின் நடத்தையை எப்படி மாற்றுவது என்று காலையில் சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பிள்ளை ஏன் மாற வேண்டும் என்று பிற்பகலில் கேட்கச் சொல்வேன்.

ஏபிஏயின் அடிப்படை எளிது. ஒரு செயலுக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன கிடைத்தது? இந்த மூன்றையும் பொறுமையாகக் குறித்துவந்தால், நாம் 'பிடிவாதம்' என்று சொல்லும் பலவற்றுக்கும் காரணம் தெரியவரும்.

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கியதும் ஒரு பையன் தரையில் விழுந்து கத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா அவனை வெளியே தூக்கிச் செல்கிறார். கத்தல் நிற்கிறது. அடுத்த முறையும் அதேதான். "வளர்ப்பு சரியில்லை" என்பார்கள் சொந்தக்காரர்கள். உண்மையில், "என்னை இங்கிருந்து கூட்டிப்போ" என்று சொல்ல அவனிடம் இருக்கும் ஒரே வழி அதுதான். அதே தேவையைச் சொல்ல ஒரு வார்த்தையையோ படஅட்டையையோ கற்றுக்கொடுத்தால், கத்த வேண்டிய அவசியம் குறைகிறது. இந்த வழி பலன் தரும் என்பதை எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இந்தத் துறையில் நான் இன்றும் நம்பிக்கையோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இத்துறைக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் இவார் லோவாஸ் 1987ல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 ஆட்டிசப் பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் ஆண்டை முடித்தார்கள் என்றார் அவர். எத்தனையோ பெற்றோருக்கு அது நம்பிக்கை தந்தது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் சில வேளைகளில் தொடையில் அடியும் இருந்தன என்பதைப் பலர் சொல்வதில்லை.

நான் யாரையும் அடித்ததில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டிய கதை என்னிடமும் உண்டு.

விரிவுரையாளராவதற்கு முன் ஒரு சிகிச்சை மையத்தில் வேலை செய்தேன். அங்கு வந்த ஆறு வயதுப் பையன் ஒருவன், மகிழ்ச்சி வந்தால் இரு கைகளையும் முகத்தருகே படபடவென அசைப்பான். "வெளியில எல்லாரும் பார்க்கிறாங்க டீச்சர்" என்று அவன் அம்மா வருத்தப்பட்டார். கைகளை மடியில் வைத்திருந்தால் ஒரு துண்டு சாக்லேட் கொடுத்துப் பழக்கினேன். எட்டே வாரத்தில் கையசைப்பு ஏறக்குறைய நின்றது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வரைபடத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் பெருமையோடு காட்டிவந்தேன்.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "டாக்டர், கையசைப்பை எண்ணினீர்கள். அவன் எத்தனை முறை சிரித்தான் என்று எண்ணினீர்களா?"

என்னிடம் பதில் இல்லை. வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, தமக்கும் ஆட்டிசம் என்றார். "சின்ன வயதில் எனக்கும் இப்படித்தான் பழக்கினார்கள். இன்றைக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பாடம் கேட்கிறேன். பாதிக் கவனம் அதற்கே போய்விடுகிறது."

பிற்பகல் வகுப்பில் நான் நடத்தும் பாடமும் அதுதான். குறை உடலில் மட்டும் இல்லை, சமூகம் வைக்கும் தடைகளிலும் இருக்கிறது என்கிறது இத்துறை. 1983ல் இதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் சூட்டியவர் பிரிட்டிஷ் அறிஞர் மைக் ஆலிவர். நம் மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும், உடல், மனக் குறைபாடுகளோடு தடைகளும் சேரும்போதுதான் ஒருவரின் பங்கேற்பு பாதிக்கப்படலாம் என்று விளக்குகிறது. நான் அந்தப் பையனின் கைகளை மாற்றினேன். பார்த்தவர்களின் கண்களை மாற்ற எதுவும் செய்யவில்லை.

அதற்காக எதையும் கற்பிக்கக் கூடாது என்பதில்லை. சாலையில் ஓடும் பிள்ளைக்கு நிற்கத் தெரிய வேண்டும். தன் கையையே கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு வலியைச் சொல்ல ஒரு வழி வேண்டும். கழிவறைக்குத் தானே போகத் தெரிந்தால் வாழ்நாள் முழுவதும் அது அவனுக்கு மரியாதை. அதனால் இப்போது என் மாணவர்கள், பயிற்சித் திட்டம் எழுதும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இதனால் பிள்ளைக்கு என்ன நன்மை? இந்த நடத்தை உண்மையில் யாருக்கு இடைஞ்சல்? பிள்ளை 'வேண்டாம்' என்றால் எப்படித் தெரிந்துகொள்வோம்?

பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இவற்றை மையத்தில் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் கோபப்பட மாட்டார்.

அடுத்த திருவிழாவில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நின்றால், அதன் அம்மாவுக்கு அறிவுரை வேண்டாம். மேளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவர்கள் நிற்க இடம் விடுங்கள். அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் கையை அசைத்தால், அசைத்துவிட்டுப் போகட்டும்.