மீனா, விண்மீனா?

இராமேஸ்வரம் போய்வந்த பெங்களூர்க் குடும்பங்களின் ஷோகேஸைப் பாருங்கள். சங்குக்குப் பக்கத்தில் காய்ந்த நட்சத்திர மீன் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் மட்டுமே படிக்கும் என் மகள் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இது மீனே இல்லையாம். மிஸ் ‘ஸீ ஸ்டார்’னு சொல்லச் சொன்னாங்க. தமிழ்ப் பேரும் தப்புதானே?"

மிஸ் சொன்னது சரிதான். இதற்கு முதுகெலும்பு இல்லை, செவுளும் துடுப்பும் இல்லை. கடல் அட்டையைப் போல இதுவும் முட்தோலி இனம். மூளை கிடையாது, இரத்தமும் கிடையாது. முதுகில் உள்ள சல்லடை போன்ற சிறு தட்டு கடல்நீரை உள்ளே விடுகிறது. அந்த நீரின் அழுத்தத்தில், அடியிலுள்ள நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் நீண்டு சுருங்கி நடக்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கண்புள்ளி. சிப்பி கிடைத்தால் ஓட்டை மெல்ல இழுத்துத் திறந்து, தன் இரைப்பையையே வெளியே நீட்டி உள்ளே நுழைத்துச் செரிக்கும் வகைகளும் உண்டு. (சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்லி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) கை அறுந்தால் மீண்டும் முளைக்கும். லிங்கியா என்ற வகையில் அறுந்த ஒற்றைக் கையே முழு உயிராக வளர்ந்துவிடும்.

லிங்க் என்பவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருந்துக்கடைக்காரர். 1733இல் இந்த உயிர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். மன்னார் வளைகுடாவில் காணப்படும், சாம்பல் உடலில் சிவப்புக் குமிழ்கள் கொண்ட வகையின் அறிவியல் பெயரிலும் அவர் இருக்கிறார்.

மகளின் கேள்விக்கு வருவோம். சங்க காலத் தமிழில் மீன் என்றால் நட்சத்திரமும்தான். அருந்ததி வடமீன், கார்த்திகை அறுமீன். இன்றும் விண்மீன் என்கிறோம். ‘நட்சத்திர மீன்’ ஆங்கிலத்தைப் பார்த்து வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது. வைத்தவர் நீந்தும் மீனையே நினைத்திருப்பார். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்ற சொல்லையே தூக்கிவிட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘கடல் விண்மீன்’ என்றால் மீனும் இருக்கும், பிழையும் இராது.

இதைச் சொன்னதும் நோட்டுப் புத்தகத்தில் ‘மீன்’ என்று தமிழில் எழுதச் சொல்லி, பார்த்து எழுதினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"அப்ப பாட்டியோட மீன ராசி?"

"அது நிஜ மீன்தான், கண்ணு."